கோடை விடுமுறையில் வாசலில் ஐஸ் கடை: பிள்ளைகளை அனுமதிக்கலாமா?

கேள்வி:

எங்கள் ஊர் கோவில்பட்டி. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9 வயது. கோடை விடுமுறையில் வீட்டு வாசலில் குச்சி ஐஸ் செய்து விற்க வேண்டும் என்று இருவரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். சென்னையில் இருக்கும் என் நாத்தனாரின் பிள்ளைகள் இருவரும் (11 வயது, 8 வயது) மே மாதம் வந்து சேர்ந்துகொள்வார்கள். பக்கத்து வீட்டுப் பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். என் மாமியார் சேமியா ஐஸ் நன்றாகச் செய்வார். போன வருடம் விளையாட்டாகச் செய்து பார்த்தபோது, எலுமிச்சை ஐஸ் கல்லாக உறைந்ததோடு, நாலு முறை உறிஞ்சியதும் நிறமும் இனிப்பும் போய் வெறும் வெள்ளைக் கட்டியாகிவிட்டது. இந்த முறை கேன் தண்ணீரில் செய்யலாம் என்றிருக்கிறேன். எப்படியும் ஃப்ரீசரில் வைப்பதால் கிருமிக்குப் பயமில்லை. என் கணவரோ, பிள்ளைகளைக் கடை போட விட்டால் அக்கம்பக்கத்தில் இளக்காரமாகப் பேசுவார்கள், குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் மாட்டிக்கொள்வோம் என்கிறார். இதற்கெல்லாம் உரிமம் வாங்க வேண்டுமா? வரும் பணத்தைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடலாமா? பலகையில் 'பெப்சி ஐஸ்' என்று எழுதப்போவதாக மகன் சொல்கிறான்.

பதில் (உணவுத் தொழில்நுட்ப ஆலோசகர்):

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் முதலில் நின்றது: ஃப்ரீசரில் வைப்பதால் கிருமிக்குப் பயமில்லை என்பது. இந்த நம்பிக்கை உங்களுக்கு மட்டுமே உரியதன்று. ஐஸ் தயாரிக்கும் சிறு கூடங்களை நடத்துகிறவர்களே இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. அவை பெருகாமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். டைஃபாய்டையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் பாக்டீரியாக்களும், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் பனிக்கட்டிக்குள் வாரக்கணக்கில் உயிரோடு கிடந்து, நாக்கில் ஐஸ் கரையும்போது தம் வேலையைத் தொடங்கக்கூடியவை. குழம்பு வைக்கும்போது கை சுத்தத்தில் சிறு தவறு நேர்ந்தால் அதை அடுப்பு திருத்திவிடும். ஐஸ் ஃப்ரீசரிலிருந்து நேராக வாய்க்குப் போகிறது என்பதால், அச்சில் ஊற்றுகிற நிமிடத்தில் கலவை எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அதற்கு மேல் அது சுத்தமாக வழியே இல்லை.

இதற்கு வரலாற்றில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. நியூயார்க்கை அடுத்த ஆய்ஸ்டர் பே என்னும் ஊரில் 1906ஆம் ஆண்டுக் கோடையில், வசதியான ஒரு வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு டைஃபாய்டு கண்டது. அதை ஆராய வந்த ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளர், அங்கே சிறிது காலம் சமையல் வேலை பார்த்த மேரி மாலன் என்ற பெண்ணைச் சந்தேகித்தார். மேரிக்கு நோயின் அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் அவர் உடலில் கிருமி இருந்தது. சூடாகச் சமைத்த பண்டங்களில் கிருமி செத்திருக்குமே, பிறகு எப்படிப் பரவியது என்று யோசித்த சோப்பர், பச்சையான பீச் பழத்தைக் கையால் நறுக்கிப் போட்டு அவர் செய்த ஐஸ்கிரீம்தான் வழி என்ற முடிவுக்கு வந்தார். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரின் கழுவாத கையும், சூடு காட்டாத பழமும், குளிரும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் அறியேன்.

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. பிள்ளைகள் ஐஸ் கடை வைக்கட்டும் என்பதே என் கருத்து. ஆனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடுப்பில் நடப்பதும், அது ஆறி அச்சுக்குள் போகும் வரை நடப்பதும் உங்களுடைய, உங்கள் மாமியாருடைய வேலை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள அனைத்தும், அதாவது திட்டம் போடுவது, அளப்பது, கணக்கு எழுதுவது, பலகை எழுதுவது, வருகிறவர்களிடம் பேசுவது ஆகியவை பிள்ளைகளுடையவை. எலுமிச்சை பிழிவது போன்ற வேலையை அவர்கள் செய்ய ஆசைப்பட்டால், நகம் வெட்டிய கையைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகு, அந்தச் சாறு கொதிக்கும் பாகில் சேரும்படி செய்யுங்கள். வீட்டில் யாருக்காவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அது நின்று 2 நாள் ஆகும் வரை அவர் இந்தப் பக்கமே வரக் கூடாது. அந்த நபர் உங்கள் மாமியாராக இருந்தாலும், சொல்லச் சங்கடமாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். கேன் தண்ணீர் நல்ல தண்ணீராகவே இருந்தாலும், மூடியைத் திறந்து, கவிழ்த்து வைத்து, குழாயைப் பலர் தொட்ட பிறகு அது திறந்த தண்ணீர்தான். எந்தத் தண்ணீரானாலும் தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியபடியே ஆற வையுங்கள்; ஆறிய தண்ணீரில் சொம்பை முக்கி எடுக்காமல் சாய்த்து ஊற்றுங்கள். அவசரத்துக்குக் கடையில் பனிக்கட்டி வாங்கி உடைத்துப் பானத்தில் போடுவதை அறவே தவிர்த்துவிடுங்கள். மீன் பெட்டிக்கும் பிற தொழில்களுக்கும் போகும் கட்டி உண்பதற்காகச் செய்யப்படுவதில்லை. அதை அடையாளம் காண நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே அறிவுறுத்தியிருக்கிறது. பெட்டியைக் குளிர்விக்க மட்டும் அந்தக் கட்டி உதவும்.

இனி உங்கள் எலுமிச்சை ஐஸ். அது கல்லானதும், வெளுத்துப் போனதும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். கலவை உறையத் தொடங்கும்போது முதலில் சுத்தமான தண்ணீர்தான் படிகமாகிறது. சர்க்கரையும் சாறும் நிறமும் அந்தப் படிகங்களுக்கு இடையில் உள்ள சந்துகளுக்குத் தள்ளப்பட்டு, கெட்டியான பாகாகத் தங்கிவிடுகின்றன. மெதுவாக உறைந்தால் படிகங்கள் பெரிதாகும், சந்துகளும் அகலமாகும். அப்போது ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோலப் பிள்ளைகள் பாகை மட்டும் இழுத்துக்கொள்ள, வெறும் கட்டி மிஞ்சுகிறது. சர்க்கரை குறைவாக இருந்தால் பாகும் குறைவு, கட்டி கல். உங்கள் அளவை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் 1 லிட்டர் தண்ணீருக்கு நீங்கள் 100 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்த்திருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டத் தயார். 150 முதல் 180 கிராம் வரை போட்டுப் பாருங்கள். இளஞ்சூட்டில் சுவைக்கும்போது கொஞ்சம் திகட்ட வேண்டும், ஏனென்றால் குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். அதே சமயம் 300 கிராமை நெருங்கினால் வீட்டு ஃப்ரீசரில் குச்சி பிடிக்கும் அளவுக்கு இறுக அதிக நேரம் ஆகலாம். இதோடு ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை வேகவைத்து வடித்த கஞ்சியைச் சேர்த்துக்கொண்டால் படிகங்கள் சிறியவையாகவே நிற்கும். ஐஸைக் கடிக்கவும் மெத்தென்றிருக்கும்.

மெதுவாக உறைவதற்கு இன்னொரு காரணம் ஃப்ரீசரின் சக்தி. 30 டிகிரியில் உள்ள 1 கிராம் தண்ணீரை 0 டிகிரிக்குக் கொண்டுவர 30 கலோரி வெப்பத்தை எடுத்தால் போதும். ஆனால் 0 டிகிரித் தண்ணீரை 0 டிகிரிக் கட்டியாக்க அதிலிருந்து மேலும் 80 கலோரியை எடுக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜ் இந்த வேலைக்காகச் செய்யப்பட்டதன்று. ஒரே இரவில் 60 ஐஸ் செய்துவிடலாம் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டால், எதுவும் சரியாக உறையாது. பக்கத்தில் இருக்கும் மற்ற பொருள்களும் இளகும். ஓர் இரவுக்கு 2 லிட்டர், அதாவது 60 மில்லி அச்சில் முப்பது சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலவையைக் கீழ்த்தட்டில் சில்லென்று ஆக்கிவிட்டு, பிறகு ஃப்ரீசரின் அடித்தளத்தில் படும்படி அச்சுகளை வையுங்கள். அகலமான தம்ளரைவிட ஒல்லியான அச்சு நல்லது.

இந்த இடத்தில் ஒரு பழைய நினைவு. என் வயதொத்தவர்கள் பள்ளிக்கூட வாசலில் சைக்கிள் பெட்டிக்காரரிடம் வாங்கித் தின்ற குச்சி ஐஸ் சில நாள் உப்புக் கரிக்கும். அண்டாவில் உப்புத் தண்ணீரில் ஐஸ் செய்கிறார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அந்தப் பேச்சு பாதி உண்மை என்று இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு அறிந்தேன். உப்புக் கரைசல் 0 டிகிரியில் உறைவதில்லை. போதிய உப்பிருந்தால் மைனஸ் 21 டிகிரி வரைகூடத் திரவமாகவே இருக்கும். அதனால் ஐஸ் கூடங்களில் குளிரூட்டிய உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் அச்சுகளை இறக்கி வேகமாக உறைய வைப்பார்கள். அச்சு ஓட்டையாக இருந்தாலோ, தூக்கும்போது தளும்பினாலோ அந்த உப்பு ஐஸுக்குள் வந்துவிடும். இதையே நீங்கள் கரண்ட் போகும் நேரத்துக்குப் பயன்படுத்தலாம்: 3 பங்கு உடைத்த கட்டிக்கு 1 பங்கு கல் உப்பு கலந்து கனமான பையில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தால் ஐஸ் வெகுநேரம் இளகாது. ஆனால் இந்தக் கலவையைப் பிள்ளைகள் கையால் தொடக் கூடாது. யார் அதிக நேரம் பிடித்திருப்பது என்று போட்டி வைத்துத் தோலில் கொப்புளம் வாங்கிக்கொள்ளும் வயது அது. உப்புப் பனி சில நிமிடங்களிலேயே தோலைச் சுட்டுவிடும்.

உங்கள் மாமியாரின் சேமியா ஐஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் எளிதென்று நினைக்கும் அதுவே அதிகக் கவனம் கேட்பது. வெந்த மாவுப் பண்டங்களில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கிப் பிழைத்திருக்கும். பண்டம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். அந்த நச்சு மீண்டும் கொதிக்க வைத்தாலும் போகாது. எனவே அபாயம் வேகவைப்பதில் இல்லை, ஆற வைப்பதில் இருக்கிறது. பாலைக் காய்ச்சிச் சுண்டவிட்டு, சேமியா வெந்து, சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து இறக்கியதும், இரவு முழுக்க அடுப்பு மேடையிலேயே மூடி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்படிச் செய்யாமல், பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய அகலமான தாம்பாளத்தில் இறக்கி, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி, சுத்தமான கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கையில் சூடு தெரியாத நிலைக்கு வந்துவிடும். உடனே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடலாம். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியோ வெல்லமோ போட விரும்பினால், கொதிக்கும் பாலில் போட்டால் பால் திரிந்துவிடும் என்பது அவருக்கே தெரிந்திருக்கும். ஆனால் தட்டிப் பொடித்துப் பச்சையாகக் கலப்பதும் கூடாது. தனியே பாகு கொதிக்கவைத்து, வடிகட்டி, இரண்டும் ஆறிய பிறகு சேருங்கள்.

நிறத்துக்கு எந்தப் பொடியும் வாங்காதீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி அதில் இருந்தது ஆய்வில் தெரிந்ததே காரணம். அனுமதிக்கப்பட்ட நிறமிகள் இருக்கின்றன என்றாலும் அவற்றுக்கும் உச்ச அளவு உண்டு, அந்த மில்லிகிராம் கணக்கை வீட்டுத் தேக்கரண்டியால் நிறுக்க முடியாது. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர், மாம்பழக் கூழ், நன்னாரி போதும். பழக்கூழையும் அடுப்பில் ஆவி பறக்கும் வரை கிளறி இறக்கிவிடுங்கள். மேரி மாலனின் பீச் பழத்தை மறக்க வேண்டாம். சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டு வடித்தால் வரும் நீலச் சாற்றில் பிள்ளைகளையே எலுமிச்சை விடச் சொல்லுங்கள். கண்ணெதிரே ஊதாவாக மாறுவதைப் பார்த்த பிறகு கடைப்பொடியை அவர்களே கேட்க மாட்டார்கள். சென்னையிலிருந்து வரும் பிள்ளைகள் புகை கிளம்பும் ஐஸ் வேண்டுமென்று கேட்கக்கூடும். அந்தப் புகைக்காகச் சேர்க்கும், கடுங்குளிரான திரவ நைட்ரஜன் கலந்த பண்டங்கள் குறித்து 2024 ஏப்ரலில் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. வீட்டில் அதற்கு இடமே இல்லை.

குச்சியை உணவுக்கென்று விற்கப்படும் மரக்குச்சியாக வாங்குங்கள். கைவினைப் பொருள் கடையில் கிடைக்கும் வண்ணக் குச்சிகள் இதற்கல்ல. பிளாஸ்டிக் ஐஸ் குச்சி 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புகளும் நம் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் தடைப் பட்டியலில் உள்ளவை. பெட்டி தெர்மாகோலாக இருக்கலாம், ஆனால் அது மீன் வந்த பெட்டியாக இருக்கக் கூடாது.

சட்டத்துக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், லாபத்துக்காகவோ லாபமின்றியோ உணவு தயாரித்து விற்கும் எந்த முயற்சியையும் உணவுத் தொழிலாகவே பார்க்கிறது. வீட்டில் செய்வதால் விலக்கு இல்லை. ஆனால் உங்களைப் போன்ற சிறியவர்களுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்களை இந்த வகையில் வைத்து, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம் விதித்தன. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பத்து நாள் வாசல் கடைக்கு இதெல்லாம் எதற்கு என்று பலர் சொல்வார்கள். என் அறிவுரை, உங்கள் கணவர் பெயரில் பதிவு செய்துவிடுங்கள் என்பதே; யாராவது ஒரு பிள்ளைக்கு வயிறு சரியில்லாமல் போனால், அந்த நேரத்தில் உங்கள் பக்கம் நிற்கப்போவது இது போன்ற ஒழுங்குதான். அதற்காகவே ஒவ்வொரு நாள் கலவையிலிருந்தும் 2 ஐஸைத் தேதி எழுதிய பையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்திருங்கள்.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைப் பற்றி உங்கள் கணவர் கவலைப்படுவது பொருளற்றதன்று. அது என் துறையல்ல என்றாலும், உணவுக் கூடங்களோடு பழகுகிறவன் என்பதால் வாசித்திருக்கிறேன். 1986ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தையையும் எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று ஆனது. பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் குடும்பத்துக்கு உதவுவதற்கு விலக்கு உண்டு. அந்தக் குடும்பம் யார் யார் என்பதையும் சட்டமே சொல்கிறது: தாய், தந்தை, உடன்பிறந்தோர், தாய் தந்தையரின் உடன்பிறந்தோர். உங்கள் கணவர் சென்னைப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் என்பதால் அவர்கள் இந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், தாத்தா பாட்டி அந்தப் பட்டியலில் இல்லை; ஆகவே கடையை மாமியார் பெயரில் வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஐஸ் தின்னலாம், விளையாடலாம். வேலை எதுவும் அவனிடம் கொடுக்கக் கூடாது.

இதற்கு மேல் 2017இல் வந்த விதிகள் இன்னும் இறுக்கமானவை. ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடாது. களைப்படையும்படி ஓய்வின்றித் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. குழந்தைக்கோ குடும்பத்துக்கோ வருமானம் ஈட்டித் தரும் உற்பத்தியிலும் விற்பனையிலும் குழந்தையின் உழைப்பு ஒரு பகுதியாக இருக்கக் கூடாது என்பதும் அவற்றில் உண்டு. இதை நான் நேர்மையாகச் சொல்லாமல் போனால் ஆலோசனைக்கு அர்த்தமில்லை. எனவே இது குடும்பத்துக்குக் காசு பண்ணும் வழியாக ஒருநாளும் ஆகக் கூடாது. பிள்ளைகள் எல்லாரும் எழுந்து விளையாடப் போய்விட்டாலும் பெரியவர்களால் நடத்த முடிகிற, இரண்டு வாரத்தில் மூடிவிடுகிற, அசலுக்கு மேல் அதிகம் வைக்காத ஒரு விடுமுறை விளையாட்டாகவே அது இருக்கட்டும். விற்பனை உங்கள் கையில் இருக்கட்டும், பிள்ளைகள் உடன் நிற்கட்டும். மாலை 4 மணி முதல் 6 மணி வரை போதும். மதிய வெயிலில் வேண்டாம். மேசையைத் தெருவில் இறக்காமல் உங்கள் வாசற்படிக்குள்ளேயே போடுங்கள். இதற்குப் பிறகும் தயக்கம் இருந்தால், மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் உங்கள் கணவர் ஒரு முறை கேட்டுவிடுவது அவர் மனத்துக்கும் நிம்மதி. அக்கம்பக்கத்தாரின் பேச்சைப் பொறுத்தவரை, உங்கள் கணவரே ஒரு மாலை அந்த மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது என்று நினைக்கிறேன்.

பணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று கூலிபோலப் பிரித்துக் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன விதியின் காரணமாக மட்டுமல்ல, நான்கு பிள்ளைகளுக்குள் யார் அதிகம் உழைத்தது என்ற வழக்கைத் தீர்க்க உங்களால் முடியாது. அதைவிடக் கணக்கை அவர்களிடம் கொடுங்கள். ஒரு மாதிரிக்கு, பால் லிட்டர் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1 லிட்டர் பாலுக்குச் சர்க்கரை 6 ரூபாய், சேமியாவும் ஏலக்காயும் 8 ரூபாய், குச்சி 8 ரூபாய், எரிவாயுவும் மின்சாரமும் 8 ரூபாய், ஆக 80 ரூபாய். 15 ஐஸ் வரும். ஒன்றின் அடக்கம் 5 ரூபாய் 33 காசு. 5 ரூபாய்க்கு விற்போம் என்று உங்கள் மகள் முடிவு செய்திருந்தால், ஒவ்வொரு ஐஸுக்கும் 33 காசு கையை விட்டுப் போகிறது என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். எலுமிச்சை ஐஸோ 1 லிட்டருக்கு 18 வரை வரும். சர்க்கரை, 3 பழம், குச்சி, அடுப்பு எல்லாம் சேர்ந்து 34 ரூபாய், அதாவது ஒன்று 2 ரூபாய்க்கும் குறைவு. ஏன் ஐஸ் வண்டியில் பால் ஐஸுக்கு எப்போதும் கூடுதல் விலை இருந்தது என்பது இந்தக் கணக்கில் அவர்களுக்கு விளங்கும். மிஞ்சுகிற சிறு தொகையில் நால்வரும் பொதுவாக என்ன வாங்குவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். முதலில் போட்ட அசலைத் திருப்பித் தந்த பிறகு மட்டும். அசல் உங்களுடையது என்பதால் அந்த உரிமையில் கறாராக இருங்கள்.

கடை மூடும்போது மிஞ்சியதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தவறு அதிகம் நடப்பது அங்கேதான். பெட்டியில் கெட்டியாகவே இருக்கும் ஐஸை மீண்டும் ஃப்ரீசரில் வைக்கலாம். விளிம்பு இளகியிருந்தால் அன்றைக்கே வீட்டார் சாப்பிட்டுவிடலாம். முழுதும் உருகிய பால் ஐஸை, பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், மறுபடி அச்சில் ஊற்றக் கூடாது, கொட்டிவிட வேண்டியதுதான். உங்கள் மாமியாருக்கு மனம் வராது. அதனால்தான் முதல் வாரம் ஒரு நாளைக்கு 20 ஐஸுக்கு மேல் செய்யாதீர்கள் என்கிறேன்.

கடைசியாக, பலகை. நம் ஊர்களில் நெகிழிக் குழலில் வரும் ஐஸுக்குப் பெப்சி ஐஸ் என்று ஏதோ ஒரு காலத்தில் பெயர் ஒட்டிக்கொண்டது, பேச்சில் பரவாயில்லை. விற்பனைப் பலகையில் அது இன்னொரு நிறுவனத்தின் வணிகப் பெயர், எழுத வேண்டாம். நீங்கள் செய்வது அந்த வகை ஐஸும் அன்று. 'பாட்டி சேமியா ஐஸ்' என்று மகன் எழுதட்டும், அதன் கீழே கொஞ்சம் சிறிய எழுத்தில் 'இதில் பால், கோதுமைச் சேமியா இருக்கிறது' என்றும் எழுதட்டும். கோவில்பட்டியில் இருந்துகொண்டு ஐஸ் மீது கடலை மிட்டாய்ப் பொடி தூவாமல் இருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தூவினால், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு என்பதால், 'கடலை சேர்ந்தது' என்பதைப் பலகையிலேயே பெரிதாக எழுதி, அந்த ஐஸை வேறு பெட்டியில் வையுங்கள்.